இருக்கை கேட்டதற்கா இத்தனை பதற்றம்?

கடையில் வேலை செய்கிறவர்கள் உட்கார நாற்காலி போட்டால் வியாபாரம் படுத்துவிடும் என்று அந்த வணிகர் கூட்டத்தில் பேசியவரை நீங்களும் பார்த்திருப்பீர்கள். இரண்டு நாட்களாக எல்லோர் கைப்பேசியிலும் அதுதான் ஓடுகிறது. அவர் பேச்சைவிட எனக்கு வலித்தது கீழே இருந்து எழுந்த கைதட்டல்தான். தட்டிய அத்தனை பேரும் நாற்காலியில் உட்கார்ந்திருந்தார்கள்.

நானும் கடை நடத்துகிறவள். சிறிய ஜவுளிக்கடை. மாதம் பிறந்தால் சம்பளம் கொடுக்கும் இடத்தில் இருந்துகொண்டுதான் இதை எழுதுகிறேன். ஆகவே ‘முதலாளிகளின் கஷ்டம் உனக்கென்ன தெரியும்’ என்று யாரும் ஆரம்பிக்க வேண்டாம். எனக்குத் தெரியும். ஆடி மாதத்துக்கு வாங்கிய சரக்கு கார்த்திகை வரைக்கும் அலமாரியில் கிடப்பது என்னவென்று தெரியும். வாடகை, மின்கட்டணம், ஜிஎஸ்டி எல்லாம் தெரியும். அந்தக் கணக்கில் எந்த வரியிலும் ஒரு ஸ்டூல் என்னை நஷ்டப்படுத்தியதில்லை.

சட்டம் என்ன சொல்கிறது என்று படித்துவிட்டாவது கோபப்படலாம். 1947-ஆம் ஆண்டின் தமிழ்நாடு கடைகள் மற்றும் நிறுவனங்கள் சட்டத்தில் 2021-இல் 22-ஏ என்ற பிரிவைச் சேர்த்தார்கள். வேலைக்கு நடுவே உட்கார வாய்ப்புக் கிடைத்தால் உட்காருவதற்கு ஏற்ற இருக்கை வசதி எல்லா ஊழியர்களுக்கும் இருக்க வேண்டும். அவ்வளவுதான். வாடிக்கையாளர் வந்து நிற்கும்போது கால்மேல் கால் போட்டு உட்காரச் சொல்லவில்லை. வேலை நேரத்தைக் குறைக்கவில்லை. சம்பளத்தில் ஒரு ரூபாய் கூட்டச் சொல்லவில்லை. ஆள் இல்லாத நேரத்தில் உட்காரட்டும் என்கிறது. இதற்கா வியாபாரம் படுத்துவிடும்?

இது நம் மாநிலத்தில் யாரோ கனவு கண்டு கொண்டுவந்ததும் அல்ல. கோழிக்கோட்டு மிட்டாய்த் தெருவில் கடைகளில் நின்ற பெண்கள் விஜி என்ற தையல் தொழிலாளியின் பின்னால் திரண்டு, பெண்கூட்டு என்று அமைப்புக் கட்டி, ஆண்டுக்கணக்கில் போராடினார்கள். அதன் பிறகுதான் 2018-இல் கேரளம் தன் சட்டத்தைத் திருத்தியது. அடுத்தது நாம். ஆனால் தொழிற்சாலையில் நின்று வேலை செய்கிறவர்களுக்கு இருக்கை வேண்டும் என்பது 1948-ஆம் ஆண்டின் தொழிற்சாலைகள் சட்டத்திலேயே 44-ஆவது பிரிவாக இருந்தது. கடைப் பெண்களுக்கு அது வந்துசேர 73 ஆண்டுகள் ஆயின. அதையும் இப்போது பிடுங்கப் பார்க்கிறீர்கள்.

கடை தொடங்குவதற்கு முன் நான் ஒரு பெரிய கடையில் பட்டுப் பிரிவில் நின்றவள். கடையின் பெயர் வேண்டாம். காலையில் ஒன்பதரைக்கு வருகைப் பதிவு, இரவு ஷட்டர் இறங்கும்வரை கால் தரையில். கல்யாண வீட்டார் வந்தால் புடவைகளைப் பிரித்துக்கொண்டே இருப்போம். அவர்கள் எடுத்ததும் எடுக்காததுமாகப் போன பிறகு, மடிப்பு மாறாமல் ஒவ்வொன்றையும் பழையபடி மடித்து அட்டைக்குள் செருக வேண்டும். அந்த வேலையை உட்கார்ந்து செய்தால் புடவைக்கு என்ன ஆகிவிடும்? ஒன்றும் ஆகாது. ஆனாலும் நின்றுகொண்டுதான் மடிக்க வேண்டும். அலமாரியில் சாய்ந்தால் மாடியிலிருந்து சூப்பர்வைசர் பெயர் சொல்லிக் கூப்பிடுவார்.

நாங்கள் எங்கே உட்கார்ந்தோம் தெரியுமா? கழிப்பறையில். தேவை இருந்து போனதைவிடக் கால் தாங்காமல் போனதுதான் அதிகம். மூடியைக் கீழே இறக்கிவிட்டு, கொலுசைத் தளர்த்திக்கொண்டு, வெளியே அடுத்தவள் கதவைத் தட்டும்வரை உட்கார்ந்திருப்போம். பிறகு அதற்கும் நேரம் குறிக்க ஒரு நோட்டு வைத்தார்கள். நோட்டில் அடிக்கடி பெயர் வரக்கூடாது என்று தண்ணீர் குடிப்பதைக் குறைத்துக்கொண்டவர்கள் உண்டு. என்னோடு நின்ற மல்லிகா அக்காவுக்கு (பெயரை மாற்றியிருக்கிறேன்) கெண்டைக்காலில் நரம்பு சுருட்டிக்கொண்டு பச்சை பச்சையாகப் புடைத்திருக்கும். சீருடைப் புடவையைத் தாழ்த்திக் கட்டி மறைத்துக்கொள்வார். வாடிக்கையாளர் பார்த்தால் அருவருப்பாக இருக்கும் என்று அவரிடமே சொல்லியிருந்தார்கள்.

இதைப் படித்துவிட்டு ‘எல்லாக் கடையும் அப்படி இல்லை’ என்பீர்கள். சரி, இல்லை. அப்படி இல்லாத கடைக்காரருக்கு இந்தச் சட்டத்தால் என்ன கஷ்டம்?

இடம் இல்லை என்கிறார்கள். இதை நான் மறுக்க மாட்டேன். எட்டடி அகலக் கடையில் இரண்டு பேர் எதிரெதிரே நடந்தாலே இடிக்கும். என் கடையும் ஏறக்குறைய அப்படித்தான். மடக்கி வைக்கும் ஸ்டூல்களாகப் பார்த்து வாங்கினேன். கவுண்டருக்கு அடியில் போய்விடுகிறது. ஒரு நல்ல பட்டுப் புடவையின் விலையில் மொத்தக் கடைக்கும் முடிந்தது. ஐந்து மாடிக் கடைக்காரர் இடம் இல்லை என்று சொன்னால் மட்டும் என்னால் கேட்டுக்கொண்டிருக்க முடியாது.

இணைய வியாபாரம் வந்து நம்மைத் தின்கிறது, இந்த நேரத்தில் சட்டமா என்கிறார்கள். இணையத்தில் வாங்குகிறவர், நம் கடைப் பெண் நிற்கிறாளா உட்கார்ந்திருக்கிறாளா என்று பார்த்துவிட்டா அங்கே போனார்? விடுங்கள்.

மரியாதைக் குறைவு என்கிறார்கள். எனக்குத் தாங்க முடியாதது இதுதான். வாடிக்கையாளர் உள்ளே வரும்போது ஒரு பெண் உட்கார்ந்திருந்தால் அவருக்கு அவமானமாம். என் கடைக்கு வாடிக்கையாளர் வந்தவுடன் என் கடைப் பெண்கள் எழுந்து ‘வாங்கம்மா’ என்கிறார்கள். நாள் முழுக்க நின்றவளின் முகத்தில் வருவதைவிட அந்த ‘வாங்கம்மா’ நன்றாகத்தான் இருக்கிறது. இதுவரை ஒரு வாடிக்கையாளர்கூட என்னிடம் குறை சொன்னதில்லை. குறை சொன்னதெல்லாம் சக கடைக்காரர்கள். ‘நீ உட்கார வைத்தால் எங்கள் கடைப் பெண்களும் கேட்பார்கள்’ என்று ஒருவர் நேரிலேயே வந்து சொன்னார். வாடிக்கையாளரின் மரியாதை என்று மேடையில் பேசுவதன் உண்மையான பொருள் இதுதான். உட்காரக் கேட்பவள் நாளைக்கு வேறு எதையாவது கேட்டுவிடுவாளோ என்ற பயம்.

ஆம், கேட்பாள்! கேட்க வேண்டியது அத்தனையும் அதே சட்டத்தில் பல பத்தாண்டுகளாக இருக்கிறது. ஒரு நாளைக்கு எட்டு மணி நேரம், வாரத்துக்கு 48 மணி நேரம். தொடர்ந்து நான்கு மணி நேரம் வேலை செய்தால் ஒரு மணி நேர இடைவேளை. வாரத்தில் ஒரு நாள் விடுமுறை. ஓராண்டு முடித்தவருக்குச் சம்பளத்துடன் 12 நாள் விடுப்பு, அது தவிரத் தற்செயல் விடுப்பு, நோய் விடுப்பு. ஆறு மாதம் வேலை செய்தவரைத் தக்க காரணமில்லாமல், ஒரு மாத முன்னறிவிப்போ அதற்கான சம்பளமோ தராமல் நிறுத்த முடியாது. இதையெல்லாம் எத்தனை கடைகளில் அந்தப் பெண்களுக்குச் சொல்லியிருக்கிறோம்?

சட்டம் என்றாலே நெருக்கடி என்று பேசுகிறவர்களிடம் ஒன்று கேட்கிறேன். 10 பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் கடைகளை 24 மணி நேரமும் திறந்து வைக்கலாம் என்று 2019-இல் அரசாணை வந்தபோது, அரசு ஏன் எங்கள் தொழிலில் தலையிடுகிறது என்று நீங்கள் கேட்கவில்லையே? 2022-இல் அதை நீட்டித்தபோதும் நன்றிதானே சொன்னீர்கள்? அந்த ஆணையிலேயே எட்டு மணி நேர வரம்பும் வார விடுமுறையும் இரவில் பெண்களுக்கான பாதுகாப்பும் நிபந்தனையாக இருந்தன. அந்தப் பக்கத்தை மட்டும் யாரும் புரட்டவில்லை. 2023 ஏப்ரலில் தொழிற்சாலைகளில் 12 மணி நேர வேலைக்கு வழிவிடும் திருத்தம் சட்டமன்றத்தில் நிறைவேறியபோது இதே ஆட்கள் ‘காலத்தின் கட்டாயம்’ என்றார்கள். எதிர்ப்பு கிளம்பி, மே தினத்தன்று அரசு அதைத் திரும்பப் பெற்றபோது முகம் சுருங்கினார்கள். உங்களுக்கு வாசலைத் திறந்தால் சீர்திருத்தம், அவளுக்கு ஒரு ஸ்டூல் கொடுத்தால் நெருக்கடியா?

அந்த வணிகர் கூட்டத்தில் பேசியவர் இன்னொன்றும் சொன்னார். ‘எங்கள் கடைப் பெண்கள் எங்கள் பெற்ற பிள்ளைகள் மாதிரி, எங்களுக்குச் சட்டம் தேவையில்லை.’ இந்த வார்த்தையை நான் வேலை பார்த்த கடையிலும் ஒவ்வொரு தீபாவளிக்கும் கேட்டேன், இனிப்புப் பெட்டியோடு சேர்த்து. பெற்ற பிள்ளை வீட்டுக்குத் தூரம் என்று வயிற்றைப் பிடித்துக்கொண்டு நின்றால் எந்த அப்பா நிற்கவிட்டு வேடிக்கை பார்ப்பார்? பெற்ற பிள்ளை கழிப்பறைக்குப் போனால் எந்த வீட்டில் நோட்டில் எழுதுவார்கள்? எங்களுக்குப் பாசம் வேண்டாம் ஐயா. சட்டத்தில் இருப்பதைக் கொடுத்தால் போதும்.

நேற்று நான் சிறியதாக ஒன்று எழுதியதற்கே ‘நின்று பிழைத்தவள்தானே, புத்தி அப்படித்தான் போகும்’ என்று ஒருவர் எழுதிவிட்டுப் போயிருக்கிறார். நின்று பிழைத்தவள்தான். அதில் எனக்கு எந்தக் கூச்சமும் இல்லை. அந்தக் கருத்தை நான் நீக்கவும் மாட்டேன், எல்லோரும் பார்க்கட்டும்.

அடுத்த வணிகர் சங்கக் கூட்டத்தில் 22-ஏ பிரிவை அச்செடுத்துக்கொண்டு போகிறேன். என்னைப் பேசவிடுவார்களா என்று தெரியவில்லை. கடைகளில் வேலை செய்கிற தங்கைகள் இதைப் படித்தால், உங்கள் கடையில் இருக்கை இல்லையென்றால் உங்கள் பகுதித் தொழிலாளர் உதவி ஆய்வாளர் அலுவலகத்தில் புகார் கொடுக்கலாம். எழுதத் தயக்கமாக இருந்தால் எனக்கு உள்பெட்டியில் செய்தி அனுப்புங்கள், மனுவை நான் எழுதித் தருகிறேன்.