இங்கல்ஸ் வீட்டுப் பிடிலும் அரசாங்க மாவும்

"கையில் காசில்லை, ஆனால் வீட்டில் இசை இருந்தது, யாரிடமும் கையேந்தாமல் வாழ்ந்தார்கள்" என்று அமெரிக்காவின் அந்தக்கால விவசாயக் குடும்பங்களைப் பற்றி யாராவது எழுதினால் எனக்குக் கோபம் வந்துவிடுகிறது. அந்தச் சித்திரத்துக்கு முக்கியமான மூலம் சார்லஸ் இங்கல்ஸ் குடும்பம்.

சார்லஸ் பிடில் வாசித்தது உண்மை. அவர் மகள் லாரா இங்கல்ஸ் வைல்டர் அறுபது வயதுக்கு மேல் தன் பிள்ளைப் பருவத்தை 'லிட்டில் ஹவுஸ்' என்ற சிறுவர் கதை வரிசையாக எழுதினார். அதில் கூண்டு வண்டி போகும் இடமெல்லாம் அந்தப் பிடிலும் போகிறது. மிசௌரியில் ஒரு அருங்காட்சியகத்தில் அது இன்றும் இருக்கிறது. அப்பா வாசிக்க, பிள்ளைகள் கேட்டபடியே தூங்கிப்போகும் பக்கங்களில் நானும் உருகியிருக்கிறேன்.

ஆனால் அந்த வண்டி ஏன் அத்தனை முறை கிளம்பியது?

1869 வாக்கில் கான்சாஸில் அவர்கள் வீடு கட்டிய இடம் ஓசேஜ் பழங்குடிகளின் நிலம். பட்டா எதுவும் கிடையாது. மலேரியாவில் வீடே படுத்தபோது வந்து பார்த்தவர் ஜார்ஜ் டான் என்ற கறுப்பின மருத்துவர். 1871இல் இங்கல்ஸ் குடும்பம் பழைய விஸ்கான்சின் வீட்டுக்கே திரும்பிவிட்டது. ஓசேஜ் மக்களுக்கு அந்த வழி இல்லை. அவர்கள் நிலத்தை இழந்து இன்றைய ஒக்லஹோமாவுக்குப் போனார்கள்.

பிறகு 1874இல் மினசோட்டா, வால்நட் குரோவ். ஓடைக்கரை மேட்டைக் குடைந்த ஒரு மண்வீட்டில் குடியிருப்பு. கோதுமை விளைந்து நின்றபோது வெட்டுக்கிளி இறங்கியது. இறங்கியது தின்றுவிட்டு மட்டும் போகவில்லை, மண்ணில் முட்டையும் இட்டது. அடுத்த வெள்ளாமையும் போயிற்று. 1875 நவம்பர் 30 அன்று, தன்னிடம் எந்த வசதியும் இல்லை என்று அதிகாரிகள் முன் கையெழுத்துப் போட்டு 5 டாலர் 25 சென்ட் மதிப்புள்ள நிவாரண மாவை வாங்கினார் சார்லஸ். வீட்டில் பிறந்து ஒரு மாதமே ஆன ஆண் குழந்தை, ஃபிரெடி. அடுத்த ஆகஸ்டில், ஒன்பது மாதத்தில், அவன் இறந்துபோனான்.

அயோவாவில் பர் ஓக் ஊரில் ஹோட்டல் வேலை பார்த்தார்கள். கடன் கட்ட முடியாமல் ராத்திரியோடு ராத்திரியாக அந்த ஊரை விட்டுக் கிளம்பினார்கள். லாரா தன் கதை வரிசையில் ஃபிரெடியையும் எழுதவில்லை, பர் ஓக்கையும் எழுதவில்லை. அவரைக் குறைசொல்ல எனக்கு மனமில்லை. பிள்ளைகளுக்கு எழுதிய கதை அது, வலித்த இடத்தைத் தாண்டிப் போயிருக்கிறார். அதை எடுத்துக்கொண்டு "அரசு உதவியே இல்லாமல் உழைத்து முன்னேறிய தலைமுறை" என்று பெரியவர்கள் பாடம் நடத்துவதுதான் எனக்குத் தாங்கவில்லை.

1879இல் மூத்தவள் மேரிக்குக் கண் போனது. அயோவாவில் பார்வையற்றோர் பள்ளியில் அவள் படித்ததற்குக் கட்டணம் கட்டியது டகோட்டா பிரதேச அரசு. டகோட்டாவில் டி ஸ்மெட் ஊருக்கு அருகே சார்லஸ் பதிவுசெய்த நிலமும், சில வருடம் குடியிருந்து பயிர்செய்தால் சொந்தமாக்கித் தரும் 1862ஆம் வருட ஹோம்ஸ்டெட் சட்டத்தின்படி அரசு கொடுத்ததுதான், அதுவும் பூர்வகுடிகளிடமிருந்து எடுத்த நிலத்தில். அங்கேயும் 1880-81 குளிர்காலத்தில் பனியால் ரயில் நின்றுபோய், கோதுமையைக் காப்பிக்கொட்டை அரைக்கும் மில்லில் அரைத்து ரொட்டி சுட்டார்கள்.

இதையெல்லாம் சொல்வதால் அந்தப் பிடிலின் மதிப்பு குறையுமா என்ன? மாவுக்காகக் கையெழுத்துப் போட்ட அதே கை வாசித்தது என்று தெரிந்த பிறகு எனக்கு அந்த மனிதர் மேல் மரியாதை கூடித்தான் இருக்கிறது.

இத்தனை அலைச்சலுக்குப் பிறகு 1886இல் அந்த டி ஸ்மெட் நிலம் சார்லஸ் பேருக்கு வந்தது. அடுத்த வருடமே ஊருக்குள் வீடு கட்டிக் குடிபோய்விட்டார். விவசாயம் அந்தக் குடும்பத்துக்குச் சோறு போடவில்லை. தச்சு வேலையும் கிடைத்த மற்ற வேலைகளும்தான் 1902இல் அவர் இறக்கும்வரை போட்டன.