அப்பா பெயருக்கு வரும் கொட்டேஷன்

செந்தூலில் எங்கள் வீட்டுக் கூரை ஒழுகுகிறது. குத்தகைக்காரர்களிடம் கொட்டேஷன் கேட்டால், வருகிற மின்னஞ்சல் எல்லாம் என் அப்பா பெயரைச் சொல்லித்தான் வணக்கம் வைக்கிறது. அப்பா காலமாகிவிட்டார். அம்மா கண்ணில் அது படும்போதெல்லாம் எனக்கு ஆத்திரமாக வருகிறது.

மலேசிய அடையாள அட்டையான மைகார்டில், தமிழர்களான நம் பெயர் எப்படி இருக்கும்? முதலில் சொந்தப் பெயர், பிறகு ஏ/எல் (மகன்) அல்லது ஏ/பி (மகள்), அப்புறம் அப்பா பெயர். குடும்பப் பெயர் என்று நம்மில் பெரும்பாலோருக்குக் கிடையாது. மின்னஞ்சலுக்கு அவர்கள் தயாராக வைத்திருக்கும் டெம்ப்ளேட்டில் உள்ள 'லாஸ்ட் நேம்' (குடும்பப் பெயர்) கட்டமோ கடைசிப் பெயரை உருவி ஒட்டிவிடுகிறது. மலாய்க்காரர்களுக்கும் பின்னால் வருவது அப்பா பெயர்தான். சீனர்களுக்குக் குடும்பப் பெயரே முன்னால் வரும். கோலாலம்பூரில் யாருக்காக அந்தக் கட்டம்?

முழுப் பெயருக்கு ஒரே கட்டம் வைத்தால் போதும். பெயர் இல்லையென்றால் 'துவான்/புவான்' (மலாயில் ஐயா/அம்மா) என்று தானாக விழும்படி செய்யலாம். பல மென்பொருள்களில் அந்த வசதி இருக்கிறது. ஒரு கொட்டேஷனில் முகவரி வரவேண்டிய இடத்தில் டெம்ப்ளேட் நிரப்பாமல் விட்ட வெறும் வளைவு அடைப்புக்குறிகள். எந்த வீட்டுக் கூரைக்கு விலை போட்டார்கள் என்று நான் எப்படி நம்புவது? ஆயிரக்கணக்கில் ரிங்கிட் கேட்கிறவர்கள், அனுப்புவதற்கு முன் ஒருமுறை தங்களுக்கே அனுப்பிப் படித்துப் பார்க்கக் கூடாதா?