காய் விட்டவளின் பக்கத்துப் பாய்

அண்ணன் மகள் படிக்கிற பள்ளியில் இந்த வருஷத்திலிருந்து வாரம் ஒரு பீரியடு ‘எஸ்.இ.எல்.’ வகுப்பாம். தமிழில் சமூக, உணர்வுசார் கற்றல் என்கிறார்கள். சிரிக்கிற முகம், அழுகிற முகம், கோப முகம் எல்லாம் சுவரில் ஒட்டிவைத்து, இன்றைக்கு நீ எந்த முகம் என்று டீச்சர் கேட்பாராம். “நான் எப்பவும் சிரிக்கிற முகத்தைக் காட்டிடுவேன் அத்தை. அழுவுற முகத்தைக் காட்டினா ஏன் ஏன்னு கேட்டுக்கிட்டே இருப்பாங்க” என்றாள்.

எனக்குச் சிரிப்பு வந்தது. அப்புறம் ராயபுரத்தில் நான் இருந்த ஹாஸ்டல் ஞாபகம் வந்தது.

எங்கள் வீடு காசிமேட்டில், ஹாஸ்டல் கல்மண்டபத்துப் பக்கம். நடந்தே போய்விடலாம். இவ்வளவு பக்கத்தில் வீட்டை வைத்துக்கொண்டு ஏன் ஹாஸ்டல் என்று இன்றைக்கும் கேட்கிறார்கள். அப்பா விசைப்படகில் போனால் திரும்பிவர ஒரு வாரம், பத்து நாள். அண்ணனும் படிப்பை விட்டுவிட்டு அவரோடு ஏறிவிட்டான். அம்மா ராத்திரி ரெண்டு மணிக்கெல்லாம் மீன் ஏலத்துக்குக் கிளம்பிவிடுவாள். பதினோரு வயசுப் பெண்ணை ஒற்றை அறை வீட்டில் தனியாக விட்டுப் போக அவளுக்கு மனசு வரவில்லை. 2000 ஜூனில் ஒரு டிரங்குப் பெட்டி, ஒரு பாய், ஒரு பக்கெட்டோடு கொண்டுபோய் விட்டாள். அப்பாவை நிதானமாகப் பார்ப்பது முழுப்பரீட்சை லீவில்தான். மீன்பிடித் தடைக்காலமும் அப்போதுதானே வரும். அப்போது 45 நாள், இப்போது 61 நாள்.

ஒரே ஹாலில் நாற்பது பாய். பாய்க்கும் பாய்க்கும் நடுவில் ஒரு சாண் இடைவெளி விடவேண்டும் என்பது விதி. என் பக்கத்துப் பாய்க்காரி மீஞ்சூர்ப் பெண்.

2003-ல் சென்னையில் தண்ணீர் இல்லாமல் எப்படித் தவித்தோம் என்பது என் வயசுக்காரர்களுக்கு மறந்திருக்காது. எங்கள் ஹாஸ்டலில் லாரி வராத நாளில் குளிக்க, துணி அலச எல்லாவற்றுக்கும் சேர்த்து ஆளுக்கு ஒரு பக்கெட். ஒருநாள் நான் பல் விளக்கிவிட்டு வருவதற்குள் என் பக்கெட்டில் பாதித் தண்ணீரைக் காணோம். அவள் தலை ஈரமாக இருந்தது. திருடி என்றேன். மீன் கவிச்சி என்றாள். அவ்வளவுதான், காய்.

சாதாரணப் பள்ளிக்கூடத்தில் காய் விடுவது சுலபம். நாலு மணிக்கு பெல் அடித்தால் அவள் வீட்டுக்கு அவள், என் வீட்டுக்கு நான். வருஷக் கடைசி வரைக்கும் பேசாமலே ஓட்டிவிடலாம். ஹாஸ்டலில் காய் விட்டவள் பக்கத்திலேயே படுத்திருப்பாள். அவளுக்கு இருமல் வந்தால் எனக்குத் தூக்கம் போகும். மெஸ்ஸில் பரிமாறும் முறை எங்கள் ரெண்டு பேருக்கும் சேர்ந்துதான் வரும். அவள் சோறு, நான் சாம்பார். முகத்தைத் திருப்பிக்கொண்டே ஊற்றி எத்தனை பேர் தட்டை நாசம் செய்தேனோ.

ஞாயிற்றுக்கிழமை பேன் பார்க்கிற நாள். வராண்டாப் படியில் ரயில் மாதிரி ஒருத்தி பின்னால் ஒருத்தியாக உட்காரவேண்டும். சிஸ்டர் யாரை எங்கே உட்காரவைப்பார் என்று சொல்லமுடியாது. ரெண்டு வாரம் தாண்டி ஒரு ஞாயிறு அவளை என் பின்னால் உட்காரவைத்தார். முதலில் பேன்சீப்பை மண்டையில் தோல் உரியும்படி இழுத்தாள். நான் பல்லைக் கடித்துக்கொண்டிருந்தேன். காதுக்குப் பின்னால் ஈர் நிறைய இருந்திருக்கவேண்டும், கை மெதுவானது. ஒவ்வொரு முடியாகப் பிரித்து நகத்தால் உருவ ஆரம்பித்தாள். கொஞ்ச நேரம் கழித்து, “குனி” என்றாள்.

அதுதான் பழம். அவளும் மன்னிப்புக் கேட்கவில்லை, நானும் கேட்கவில்லை.

1994-ல் அமெரிக்காவில் தொடங்கிய கேசல் என்ற அமைப்பு இந்த எஸ்.இ.எல். கற்றலை ஐந்தாகப் பிரித்து வைத்திருக்கிறது: தன்னை அறிவது, தன்னை அடக்குவது, அடுத்தவர் நிலையை உணர்வது, உறவைப் பேணுவது, பொறுப்போடு முடிவெடுப்பது. தப்பே இல்லாத பட்டியல். ஆனால் கோபத்தை வைத்துக்கொண்டே கோபப்பட்டவள் பக்கத்தில் தூங்குவது எப்படி என்பதை வாரம் ஒரு பீரியடில் யாரும் கற்றுக்கொள்ள முடியாது என்றுதான் நினைக்கிறேன். பீரியடு முடிந்துவிடும், எழுந்து போய்விடலாம். எழுந்து போகமுடியாத இடத்தில்தான் எனக்கு அது வந்தது.

உடனே பிள்ளையை ஹாஸ்டலில் போடலாம் என்று கமெண்டில் யாரும் கிளம்பவேண்டாம். அங்கே நான் இன்னொன்றும் கற்றுக்கொண்டேன்: சத்தம் வராமல் அழுவது. போர்வையை வாயில் வைத்துக் கடித்துக்கொண்டால் தோள்கூட அசையாது. கல்யாணமாகி ஏழெட்டு வருஷம் கழித்துத்தான் நான் அழுகிறேன் என்பதே என் வீட்டுக்காரருக்குத் தெரிந்தது. இங்கிலாந்தில் ஜாய் ஷாவரியன் என்கிற உளவியல் சிகிச்சையாளர், ஏழெட்டு வயசிலேயே உறைவிடப் பள்ளிக்கு அனுப்பப்பட்ட பணக்கார வீட்டுப் பிள்ளைகள் பெரியவர்களான பிறகும் மனசைப் பூட்டியே வைத்திருப்பதைப் பார்த்து, 2011-ல் அதற்கு ‘போர்டிங் ஸ்கூல் சிண்ட்ரோம்’ என்று பெயர் வைத்தார். காசிமேட்டுக்கும் அந்தச் சீமான் வீடுகளுக்கும் என்ன சம்பந்தம்? போர்வை ஒன்றுதான்.

என்னைக் காப்பாற்றியது ஹாஸ்டல் விதி எதுவும் இல்லை, ராத்திரி ஹாலில் படுத்திருந்த ஆயாம்மாதான். புதுசாக வந்த பெண் விசும்பினால் எழுந்து வருவார். ஏன் அழுகிறாய் என்று கேட்கமாட்டார். “தண்ணி வேணுமா?” அவ்வளவுதான். குடித்து முடிக்கிறவரைக்கும் சொம்பைப் பிடித்துக்கொண்டு நிற்பார். நான் போர்வையைக் கடிக்கப் பழகியது அவர் வேலையை விட்டுப் போன பிறகுதான்.

2025-ல் தமிழ்நாட்டில் அரசு மாணவர் விடுதிகளுக்கெல்லாம் சமூகநீதி விடுதி என்று பெயர் மாற்றினார்கள். நல்ல பெயர். எனக்கு அங்கே போய்க் கேட்க ஒரு கேள்விதான் இருக்கிறது: ராத்திரி ஹாலில் யார் படுக்கிறார்கள்?

சுனாமி வந்தது பத்தாவது படிக்கும்போது, அரைப்பரீட்சை லீவில். வீட்டில் எல்லோரும் தப்பித்தோம், படகு போய்விட்டது. திரும்பி ஹாஸ்டலுக்கு வந்த முதல் ராத்திரி மீஞ்சூர்க்காரி ஒன்றும் பேசவில்லை. அந்த ஒரு சாண் இடைவெளியை மட்டும் விடாமல் பாயை ஒட்டிப் போட்டாள். சிஸ்டர் பார்த்தார், பார்க்காத மாதிரி போய்விட்டார்.

போன மாசம் திருவொற்றியூரில் ஒரு கல்யாணத்தில் அவளைப் பார்த்தேன். நலம் விசாரிக்கவில்லை, ஒன்றும் இல்லை. பந்தியில் பக்கத்தில் உட்கார்ந்ததும் என் தலையைப் பிடித்து இழுத்து, காதுக்குப் பின்னால் முடியை ஒதுக்கிப் பார்த்துவிட்டு, “ஏய், நரைச்சிடுச்சுடீ” என்றாள்.