பருப்பின் மேல் பழி போடாதீர்கள்

காரைக்குடிப் பக்கம் ரத்தப் பரிசோதனையில் யூரிக் அமிலம் கூடுதல் என்று வந்துவிட்டால் போதும், அன்றே பருப்பும் தக்காளியும் வீட்டை விட்டு வெளியேறிவிடும். ஞாயிற்றுக்கிழமை ஈரலும் சுவரொட்டியும் மட்டும் "உடம்புக்குச் சத்து" என்று இலைக்கு வந்துகொண்டே இருக்கும். பார்க்கப் பார்க்க மனம் பதறுகிறது.

உணவிலும் நம் உடம்பிலும் இருக்கும் பியூரின் என்ற பொருள் சிதைந்துதான் யூரிக் அமிலம் உண்டாகிறது. அது மண்டிக் கிடப்பது ஈரல், மண்ணீரல், சிறுநீரகம் போன்ற உள்ளுறுப்புகளில். மத்தி, நெத்திலியிலும் அதிகம். யூரிக் அமிலம் மூட்டில் படிகமாகப் படிந்து வரும் வலிநோய்க்குக் கவுட் என்று பெயர். பருப்பிலும் கீரையிலும் இருக்கும் பியூரினால் அது கூடுவதாகப் பெரிய ஆய்வுகளில் தெரியவில்லை. பீரும் சர்க்கரைக் குளிர்பானமும் கட்டாயம் கூட்டும். பட்டினி கிடந்து எடை குறைத்தாலும் ஏறும். நம் ஊர் வெயிலில் தண்ணீர் குடிக்காமல் அலைவதைத் தனியாகச் சொல்ல வேண்டுமா?

என் பெரியப்பாவுக்குக் கவுட் வலி விருந்துக்கு மறுநாள் விடியற்காலையில் வந்தது. கால் கட்டைவிரல் மூட்டு செக்கச்சிவந்து, தோல் பளபளவென்று வீங்கி, போர்வை நுனி பட்டாலே துடித்துவிட்டார். வலி தணிந்ததும் மாத்திரையை நிறுத்திவிட்டார். பலரும் செய்வது இதைத்தான். வலி போனாலும் படிகங்கள் மூட்டிலேயே இருக்கும். ரத்தத்தில் யூரிக் அமிலம் டெசிலிட்டருக்கு 6.8 மில்லிகிராமைத் தாண்டினால் அதன் உப்பான யூரேட் படியக்கூடும். அதனால்தான் கவுட் வந்தவர்களை 6க்குக் கீழே வைத்திருக்கச் சொல்கிறார்கள். பத்தியம் மட்டும் பெரும்பாலும் ஒரு மில்லிகிராம் அளவுக்கே குறைக்கும். 9இல் நிற்பவருக்கு அது எப்படிப் போதும்?

ஆயுர்வேதத்தின் மேல் எனக்குப் பெரிய மதிப்பு உண்டு. அதன் பழைய நூலான சரக சம்ஹிதையில், கவுட்டை ஒத்த வாதரக்தம் என்ற நோய்க்குத் தனி அத்தியாயமே இருக்கிறது. சீந்திலையும் நீர்முள்ளியையும் வைத்தியர்கள் இன்றும் கொடுக்கிறார்கள். படித்த வைத்தியர் ஆளைப் பார்த்துக் கொடுப்பது ஒன்று; யாரோ சொன்னார்கள் என்று பொடி வாங்கிக் கரைத்துக் குடிப்பது வேறு. கொரோனாக் காலத்தில் சீந்தில் குடித்துக் கல்லீரல் கெட்டவர்களைப் பற்றி மும்பை மருத்துவர்கள் எழுதியிருக்கிறார்கள். கவுட் வலிக்குத் தரும் கொல்கிசின் செங்காந்தள் கிழங்கிலும் இருக்கிறதே என்று அதை அரைத்துக் கொடுக்க யாராவது வந்தால் வாசலோடு அனுப்பிவிடுங்கள். ஆளையே கொல்லும் விஷம் அது.

யூரிக் அமிலத்தைக் குறைக்கும் அலோபுரினால் மாத்திரை சாப்பிடுபவர்கள் கஷாயம் தொடங்கினால் இரண்டு மருத்துவர்களிடமும் சொல்லுங்கள். ரத்த அழுத்தத்துக்கு நீர் பிரியும் மாத்திரை எடுத்தால் அதையும் காட்டிக் கேளுங்கள். அளவு ஏறியதற்கு அதுவே காரணமாக இருக்கலாம். வலி வந்த அன்று எடுத்த பரிசோதனையில் அளவு சரியாக இருந்தால் நிம்மதி அடைந்துவிடாதீர்கள். வலி முழுதும் அடங்கி இரண்டு வாரம் கழித்து மறுபடி எடுத்துப் பாருங்கள்.