பெயர் பலகையை வைத்து முடிவு செய்ய முடியாது

பிரதமரின் பெயரில் உள்ள திட்டங்களுக்கு முழுப் பணமும் மத்திய அரசுடையது, மாநிலம் ஒன்றும் போடுவதில்லை என்று ஒரு நண்பர் எழுதியிருக்கிறார். அது எல்லாத் திட்டங்களுக்கும் பொருந்தாது.

பிரதமர் பெயரில் உள்ள ஊரக வீடு கட்டும் திட்டத்தையே எடுத்துக்கொள்வோம். சமவெளிப் பகுதியில் ஒரு வீட்டுக்கு 1,20,000 ரூபாய். பங்கீடு 60:40. அதாவது 72,000 ரூபாய் மத்திய அரசு, 48,000 ரூபாய் மாநில அரசு. தேசிய சுகாதார இயக்கத்துக்கும் பெரும்பாலான மாநிலங்களில் இதே கணக்குதான். வடகிழக்கு, இமயமலை மாநிலங்களுக்கு 90:10. அதே சமயம் விவசாயிகளுக்கு ஆண்டுக்கு 6,000 ரூபாய் தரும் பி.எம். கிசான் முழுக்க மத்திய அரசுப் பணம். அந்த அளவில் நண்பர் சொன்னது சரி.

சரிபார்ப்பது சுலபம். மத்திய பட்ஜெட் இணையதளத்தில் செலவின விவர ஆவணத்தை (Expenditure Profile) திறந்து 4ஏ, 4பி அறிக்கைகளைப் பாருங்கள். 4ஏ-வில் இருப்பவை மத்திய அரசு ஆதரவுத் திட்டங்கள், பொதுவாக மாநிலப் பங்கு உள்ளவை. 4பி-யில் இருப்பவை மத்திய அரசே முழுதாகச் செலவிடுபவை. பங்கு எத்தனை சதவீதம் என்பது அந்தந்தத் திட்டத்தின் வழிகாட்டு நெறிமுறையில் இருக்கும். கொஞ்சம் நீளமான பி.டி.எஃப்., ‘நிதிப் பகிர்வு’ பகுதிக்கு நேராகப் போய்விடுங்கள்.