"பார்த்து வேலை செய்ய வேண்டாமா?"

டிராக்டரின் பின்புறத்திலிருந்து கதிரடிக்கும் இயந்திரத்துக்குப் போகும் சுழல்தண்டை எங்கள் பெரம்பலூர்ப் பக்கத்தில் ஷாப்ட் என்றுதான் சொல்வோம். நிமிடத்துக்கு 540 சுற்று, நொடிக்கு 9. "ஐயோ" என்று வாய் திறப்பதற்குள் ஒரு முழத் துணி அதில் சுற்றிக்கொண்டுவிடும்.

என் அத்தையின் வலது கை அப்படித்தான் போனது. மாசி மாதம், கூலிக்குப் போயிருந்த மக்காச்சோளக் களம். தூசிக்காகச் சேலைக்கு மேல் மாமாவின் முழுக்கைச் சட்டையைப் போட்டிருந்தார். கைப் பொத்தான் எப்போதோ அறுந்துபோன சட்டை அது. சிந்திய கதிரைப் பொறுக்கக் குனிந்தபோது சட்டைக் கையின் நுனி ஷாப்டில் பட்டது. முழங்கைக்குக் கீழே எடுக்க வேண்டியதாகிவிட்டது.

வந்து பார்த்தவர்கள் எல்லோரும் ஒன்றையே கேட்டார்கள். "பார்த்து வேலை செய்ய வேண்டாமா?" கேட்டுக் கேட்டு அத்தையும் அதையே சொல்லப் பழகிவிட்டார். "என் கவனக்குறைவுதான்" என்று அவர் சொல்லும்போதெல்லாம் எனக்கு வயிறு எரிகிறது. அந்த ஷாப்டுக்கு மேலே போட ஓர் உறை உண்டு. கிரீஸ் வைக்க இடைஞ்சலாக இருக்கிறது என்று அதைக் கழற்றிக் கொட்டகையில் போட்டிருந்தார்கள். மூட்டைக் கணக்கில் வாடகை, வானத்தில் மூட்டம், அடுத்த களத்துக்காரர் வேறு காத்திருக்கிறார். நிறுத்தி மாட்ட யாருக்கும் மனமில்லை. இதில் அத்தையின் கவனம் எங்கே குறைந்தது?

காலையிலிருந்து அந்த இரைச்சலிலும் தூசியிலும் நிற்பவர் ஒரு நொடிகூட அசரக் கூடாது என்று எதிர்பார்ப்பதே அநியாயம். மனிதர் என்றால் அசரத்தான் செய்வார். அசந்தாலும் கை போகாதபடி இயந்திரம் இருக்க வேண்டும்.

இது நான் புதிதாகச் சொல்வதில்லை. வட மாநிலங்களில் கோதுமை அடிக்கும் இயந்திரங்களில் கை இழந்தவர்கள் பெருகியதால்தான் 1983-இல் அபாயகரமான இயந்திரங்கள் ஒழுங்குமுறைச் சட்டம் வந்தது. கதிரை உள்ளே தள்ளும் வாய் குறைந்தது 90 சென்டிமீட்டர் நீளம் இருக்க வேண்டும், அதில் 45 சென்டிமீட்டர் மேலே மூடியிருக்க வேண்டும் என்று இந்தியத் தர நிர்ணயம் சொல்கிறது. எவ்வளவு எட்டித் தள்ளினாலும் உள்ளே சுழலும் உருளையைக் கை தொடக் கூடாது என்பதற்குத்தான் இந்த அளவு. சுவீடனில் 1959-இல் ஒரு விதி கொண்டுவந்தார்கள். கவிழ்ந்தாலும் ஓட்டுபவர் நசுங்காதபடி காக்கும் இரும்புச் சட்டகம் இல்லாமல் புதிய டிராக்டரை விற்கக் கூடாது என்றார்கள். டிராக்டர் கவிழ்ந்து சாகிறவர்கள் அங்கே படிப்படியாக மிக அரிதாகிப்போனார்கள். ஓட்டியவர்கள் அதே மனிதர்கள்தான். மாறியது டிராக்டர்.

மருந்தடிப்பதிலும் இதே கதைதான். 2017-இல் மகாராஷ்டிரத்தின் யவத்மால் மாவட்டத்தில் பருத்திக்கு மருந்தடித்தவர்கள் 20 பேருக்கு மேல் இறந்தார்கள். அதே ஆண்டு எங்கள் மாவட்டத்துப் பருத்திக் காட்டிலும் சாவு விழுந்தது. உடனே முகக்கவசம் போடவில்லை, கையுறை போடவில்லை என்று பேச்சு கிளம்பியது. அப்படிப் பேசுகிறவர்கள் ஒரு நாள், ஆள் உயரப் பருத்திக்குள், உச்சி வெயிலில், ரப்பர் கையுறையோடு ஒரு டேங்க் அடித்துப் பார்க்க வேண்டும். மோனோகுரோட்டோபாஸ் என்ற பூச்சிமருந்தைக் காய்கறிக்கு அடிக்கக் கூடாது என்று 2005-இலேயே தடுத்துவிட்டார்கள். சாப்பிடுகிறவருக்கு ஆகாது என்று அன்றே தெரிந்திருக்கிறது. தோளில் சுமந்து அடிக்கிறவருக்கு மட்டும் எப்படி ஆகும்? அதற்குப் பிறகும் பருத்திக்கு அது ஆண்டுக்கணக்கில் விற்றது.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன், யாருக்காவது உதவும். 1923-ஆம் ஆண்டின் தொழிலாளர் இழப்பீட்டுச் சட்டம் தொழிற்சாலைக்கு மட்டுமானதாக இருந்ததில்லை; 2025 நவம்பரில் அதன் இடத்துக்கு வந்த சமூகப் பாதுகாப்புச் சட்டத் தொகுப்பும் அப்படித்தான். டிராக்டர், மின்சாரம் போன்ற இயந்திர விசையால் நடக்கும் விவசாய வேலைக்குக் கூலிக்கு வந்தவரும் அதில் வருகிறார். வேலைக்கு வைத்தவர் இழப்பீடு தர வேண்டும். பொதுவாக விபத்து நடந்து இரண்டு ஆண்டுகளுக்குள் கேட்டுவிட வேண்டும். அத்தைக்கு இதை யாருமே சொல்லவில்லை. களத்துக்காரர் ஆஸ்பத்திரிச் செலவில் பாதியைக் கொடுத்தார், நாங்களும் கையெடுத்துக் கும்பிட்டு வாங்கிக்கொண்டோம். எனக்கு விவரம் தெரிந்தபோது நான்கு ஆண்டுகள் ஓடிவிட்டன.

இந்த மாசியில் எங்கள் களத்துக்கே ஒரு இயந்திரம் வந்தது. ஷாப்ட் மொட்டையாக இருந்தது. உறை எங்கே என்று கேட்டேன். "அதெல்லாம் தேவைப்படாது தம்பி, இருபது வருடமாக ஓட்டுகிறேன்" என்றார் டிராக்டர்காரர். மாட்டினால்தான் ஓட்டலாம் என்று சொல்லிவிட்டேன். அப்பாவுக்கு என்மேல் கோபம், கூலிக்கு வந்திருந்த ஆட்களுக்கும் அரை நாள் வீண். அன்று காலைக் கூலியைச் சேர்த்தே கொடுத்தோம். மதியம் இரண்டு மணிக்கு டிராக்டர்காரர் உறையோடு திரும்பி வந்தார். ஒரு பக்கம் உடைந்திருந்தது, கட்டுக்கம்பியால் இறுக்கிக் கட்டியிருந்தார். அத்தை இடது கையால் அதை ஒருமுறை தடவிப் பார்த்துவிட்டு, முறத்தை எடுத்துக்கொண்டு களத்தின் மறுகோடிக்குப் போனார்.