படுக்கும் முன் இரண்டு பனடோலா? வேண்டாம்

கொழும்பு வெள்ளவத்தைப் பக்கம் வாட்ஸ்அப்பில் ஒரு செய்தி சுற்றுகிறது: "சாராயம் குடித்துவிட்டுப் படுக்கும்போது இரண்டு பனடோல் போட்டால் காலையில் தலையிடி வராது." இது பிழை. போன கிழமை என் மச்சான் தலையணைக்குப் பக்கத்தில் இரண்டு வெள்ளை மாத்திரைகளை எடுத்து வைத்ததைப் பார்த்துத்தான் எழுதுகிறேன்.

பனடோல் என்பது பரசிற்றமோல். அதன் வேலை 4 முதல் 6 மணித்தியாலம்தான். நடுச்சாமத்தில் போட்டது விடியும்போது ஓய்ந்துவிடும். அதைவிட முக்கியம், ஈரல். பரசிற்றமோலில் ஒரு சிறு பங்கு அங்கே நச்சாக மாறும். அதை முறிக்கும் குளுட்டாதயோன் என்ற பொருள், தொடர்ந்து குடிப்பவர்களிடம் குறைந்துபோயிருக்கும். எப்போதாவது குடிப்பவருக்கு இரண்டு மாத்திரையால் பெரிய கேடு வருவது அரிது. ஆனால் நாளாந்தம் குடிப்பவர் வைத்தியரைக் கேட்காமல் தொடவே கூடாது.

சரி, செவ்விளநீர்? காலி வீதியோரத்தில் வெட்டித் தருவதைத் தாராளமாகக் குடியுங்கள், இழந்த நீர் திரும்பும். மதுசாரத்தை அது வெளியேற்றாது; ஈரல் மணித்தியாலத்துக்கு 7 முதல் 10 கிராம் வரைதான் எரிக்கும். கோப்பியோ குளிப்போ அதை வேகப்படுத்தாது. சாப்பிட்டுவிட்டு, குறைவாக, மெதுவாகக் குடித்தால்தான் மறுநாள் பாடு குறையும். யாராவது எழுப்பியும் எழும்பாமல் கிடந்தால் சரித்துப் படுக்கவைத்து, உடனே 1990 என்ற இலக்கத்தில் அம்புலன்ஸை அழையுங்கள்.